வாசகர் கேள்வி பதில்: குளுட்டமேட்டும் அது திறக்கும் கதவுகளும்

சென்ற இதழில், மூளையின் நரம்புச் செல்களான நியூரான்களைக் கிளர்த்தும் குளுட்டமேட் போன்ற அமினோ அமிலங்கள் பற்றி ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டிருந்தோம். தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறோம். பெயர்களை விட்டுவிட்டோம்.

களியக்காவிளையில் தட்டுக்கடை நடத்துகிறேன். ஃப்ரைட் ரைஸில் அஜினமோட்டோ போடுவேன். அதுதான் குளுட்டமேட், அது மூளை நரம்பைச் சாகடிக்கும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. உங்கள் குறிப்பிலும் மூளையில் குளுட்டமேட் இருப்பதாகப் போட்டிருந்தீர்கள். நிறுத்திவிடட்டுமா?

பொருள் ஒன்றுதான். 1908-இல் ஜப்பானில் கிகுனே இகேடா கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த சுவைப்பொருளும், உங்கள் மூளை நியூரான்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் பொருளும் அதே குளுட்டமேட். ஆனால் தட்டிலிருந்து மூளைக்கு நேர்வழி கிடையாது. சாப்பாட்டில் வரும் குளுட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடல் செல்களே எரிபொருளாக எரித்துவிடுகின்றன. ரத்தத்தில் மிஞ்சுவதை ரத்த-மூளைத் தடுப்பு உள்ளே விடுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. தக்காளியிலும் தாய்ப்பாலிலும்கூடத் தனிக் குளுட்டமேட் உண்டு.

வாட்ஸ்அப் செய்திக்கு ஒரு மூலம் இருக்கத்தான் செய்கிறது. 1969-இல் ஜான் ஓல்னி புதிதாய்ப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குத் தோலடியில் பெரிய அளவில் ஊசி போட்டபோது, தடுப்பு மெலிந்த ஹைபோதலாமஸ் பகுதியில் நியூரான்கள் செத்தன. அது ஊசி, அதுவும் குஞ்சுக்கு. ஒரு பிளேட் ஃப்ரைட் ரைஸ் அல்ல.

கடைக்கு வேண்டிய கணக்கு இது. உணவின் எடையில் 0.1 முதல் 0.8 சதவீதம் வரைதான் சுவை கூடும், அதற்குமேல் போனால் கெடும். ஒரு கிலோ சோற்றுக்கு 3 கிராம் தாராளம். அஜினமோட்டோவில் சோடியம் 12 சதவீதம், கல்லுப்பில் ஏறத்தாழ 39. அதனால் இதைப் போட்டால் உப்பைக் குறையுங்கள். வெறும் வயிற்றில் 3 கிராமுக்குமேல் போனால் சிலருக்குத் தலைவலியும் முகச்சூடும் வருவதுண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வேண்டாம்.

பிளஸ் டூ உயிரியல் படிக்கிறேன். குளுட்டமேட் ஒன்றுதான் என்றால் அதற்கு ஏன் ஆம்பா, கைனேட், என்எம்டிஏ என்று இத்தனை ஏற்பிகள்? பெயர்களே வாயில் நுழையவில்லை. (மாணவி, மார்த்தாண்டம்)

ஏற்பி என்பது நியூரானின் மேல் குளுட்டமேட் வந்து ஒட்டும் புரதம். இந்தப் பெயர்கள் ஏற்பிக்கு வைத்தவை அல்ல, ஏற்பிகளைப் பிரித்தறிய உதவிய வேதிப்பொருள்களின் பெயர்கள். கைனிக் அமிலம், ஜப்பானில் குடற்புழுவுக்குக் கொடுத்து வந்த ஒரு செந்நிறக் கடற்பாசியிலிருந்து வந்தது. ஆம்பா ஏற்பிக்கு முன்னொரு காலத்தில் குவிஸ்குவாலேட் ஏற்பி என்று பெயர். அந்தப் பொருள் எதிலிருந்து வந்தது தெரியுமா? நம் வீட்டு வாசலில் கொடியேறி, மாலையில் வெள்ளையாகப் பூத்து மறுநாள் சிவக்கும் ரங்கூன் மல்லியின் விதையிலிருந்து. என்எம்டிஏ, ஜெஃப்ரி வாட்கின்ஸ் ஆய்வுக்கூடத்தில் செய்த பொருள். மூன்றுக்கும் குளுட்டமேட்டின் சாயல் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வகை ஏற்பியை முக்கியமாகத் திறக்கும்.

இனி இரண்டு நியூரான்கள் சந்திக்கும் இடமான சினாப்ஸ் ஒன்றைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். அனுப்பும் நியூரானின் முனையில் 40 நானோமீட்டர் அளவுள்ள பைகள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 100 மில்லிமோலார் செறிவில் குளுட்டமேட். ஒரு பை உடைந்தால் 20 நானோமீட்டர் இடைவெளிக்குள் செறிவு 1 மில்லிமோலாரைத் தொட்டு, ஒரு மில்லிநொடிக்குள் இறங்கிவிடுகிறது. எதிர்க்கரையில் முதலில் திறப்பது ஆம்பா. நான்கு புரதத் துண்டுகள் சேர்ந்த வாயில் அது. குளுட்டமேட் ஒட்டியதும் சோடியம் உள்ளே பாயும், சில மில்லிநொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். குளுட்டமேட் விலகாமல் அங்கேயே நின்றால் வாயில் தானே மரத்துப்போய் மூடிக்கொள்ளும்.

என்எம்டிஏ ஏற்பி இப்படி எளிதில் வசப்படாது. அதற்கு மூன்று காரியம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். குளுட்டமேட் ஒரு துண்டில் ஒட்ட வேண்டும். கிளைசின் அல்லது டி-செரின் என்ற அமினோ அமிலம் இன்னொரு துண்டில் ஒட்ட வேண்டும். மூன்றாவதுதான் சுவாரசியம்: ஓய்வில் இருக்கும் நியூரானில் இந்த வாயிலின் துளைக்குள் ஒரு மெக்னீசியம் அயனி தக்கை மாதிரி செருகியிருக்கும். ஆம்பா வழியே சோடியம் புகுந்து சவ்வின் மின்னழுத்தம் ஏறினால்தான் அந்தத் தக்கை தெறிக்கும். 1984-இல் கண்டுபிடித்தது இது. அதாவது, அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கிறார்களா என்று சோதிக்கும் வாயில். திறந்தால் சோடியத்தோடு கால்சியமும் வரும், அதுவும் பல பத்து மில்லிநொடிகளுக்கு. அந்தக் கால்சியம்தான் உள்ளே நொதிகளை எழுப்பி, அதே சினாப்ஸில் இன்னும் சில ஆம்பா ஏற்பிகளைக் கொண்டுவந்து பதிக்கிறது. நேற்றுப் படித்தது இன்று நினைவிருப்பதற்கு அடிப்படை இதுவே.

கைனேட் வகை சற்று மந்தமானது, பல இடங்களில் அனுப்பும் முனையிலேயே உட்கார்ந்து அளவைக் கூட்டிக் குறைக்கும். வாயிலாகத் திறக்காத எட்டு வகை ஏற்பிகளும் உண்டு. அவை செல்லுக்குள் இருக்கும் ஜி-புரதம் வழியாக மெதுவாக வேலை செய்பவை. தேர்வுக்கு இது போதும்.

பாடப்புத்தகத்தில் வரும் பூட்டு-சாவி உவமையில் எங்களுக்கு ஒரு மனக்குறை. சாவி திறப்பதை மட்டும் சொல்கிறது, சாவியை எடுப்பது யார் என்று சொல்வதில்லை. குளுட்டமேட்டை இடைவெளியிலேயே சிதைக்கும் நொதி கிடையாது. பக்கத்திலிருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள்தான் அதை உறிஞ்ச வேண்டும். ஒரு குளுட்டமேட்டை உள்ளே இழுக்க மூன்று சோடியமும் ஒரு ஹைட்ரஜன் அயனியும் கூடவே போகும், ஒரு பொட்டாசியம் வெளியே வரும். இந்த அயனி ஏற்றத்தாழ்வைக் காப்பாற்றத்தான் மூளை அவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கிறது. உறிஞ்சியது குளுட்டமின் ஆகி, நியூரானுக்கே திரும்பும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. "ரத்தம் நின்ற இடத்தைச் சுற்றியும் செல்கள் சாகும்" என்றார் மருத்துவர். ஏன்? (தக்கலை)

மேலே சொன்ன உறிஞ்சும் வேலை நின்றுபோவதால். ரத்தம் நின்ற சில நிமிடங்களில் ஆற்றல் தீர்ந்து அயனி ஏற்றத்தாழ்வு சரியும். உறிஞ்சும் பம்பு தலைகீழாக ஓடி, குளுட்டமேட்டை வெளியே கக்கும். என்எம்டிஏ வாயில்கள் திறந்தபடி நின்று கால்சியம் கொட்ட, செல் தன்னைத்தானே செரித்துக்கொள்ளும். அந்த வாயிலை அடைக்கும் மருந்துகளை 1990-களில் சோதித்துப் பார்த்து ஏமாந்தார்கள். நோயாளி வந்து சேர்வதற்குள் கொட்ட வேண்டியது கொட்டிவிடுகிறது. மேலும் நல்ல பகுதியின் வாயில்களையும் அவை அடைத்துவிட்டன. ஆகவே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரக் கெடுதான் இன்றும் முக்கியம். அதற்குள்ளும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

திருவனந்தபுரத்தில் எம்.எஸ்சி. புராஜெக்ட். எலியின் ஹிப்போகேம்பஸ் (நினைவுக்கான மூளைப் பகுதி) துண்டில் பேட்ச் கிளாம்ப் (தனிச் செல்லின் மின்னோட்டத்தைக் கண்ணாடிப் பைப்பெட்டால் அளப்பது) செய்கிறேன். ஆம்பா ஓட்டம் நன்றாக வருகிறது, என்எம்டிஏ ஓட்டம் வரவே இல்லை. −70 மில்லிவோல்ட்டில் பிடித்திருக்கிறேன். ஏற்பி செத்துவிட்டதா?

சாகவில்லை, நீங்கள்தான் தக்கையை எடுக்கவில்லை. −70-இல் மெக்னீசியம் துளைக்குள் இறுக்கமாக இருக்கும். +40-க்கு ஏற்றிப் பிடியுங்கள். ஓட்டம் வெளிநோக்கி, மெதுவாக எழுந்து மெதுவாகத் தணியும். தூண்டலுக்குப் பின் 50 மில்லிநொடியில் அளந்தால் ஆம்பா பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், எஞ்சுவது என்எம்டிஏ. ஆம்பாவின் உச்சத்தை −70-இலேயே எடுங்கள். இரண்டின் விகிதம்தான் உங்களுக்குத் தேவை.

+40-இல் பிடிக்கும்போது பைப்பெட்டுக்குள் பொட்டாசியக் கரைசல் இருந்தால் வெளிநோக்கிய பொட்டாசியம் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். சீசியம் கரைசலுக்கு மாறுங்கள். பைப்பெட் 3 முதல் 5 மெகா ஓம். தொடர் மின்தடை 20 சதவீதத்துக்குமேல் மாறினால் அந்தச் செல்லை விட்டுவிடுங்கள், பாவம் பார்க்க வேண்டாம்.

மெக்னீசியத்தையே கரைசலிலிருந்து எடுத்துவிட்டு −70-இல் பார்ப்பது இன்னொரு வழி. அப்போது 10 மைக்ரோமோலார் கிளைசின் சேர்ப்பார்கள். ஆனால் துண்டு முழுவதும் வலிப்பு போலத் துடிக்கத் தொடங்கும். ஹிப்போகேம்பஸின் சிஏ1 பகுதியில் பதிவு செய்வதானால் பக்கத்துச் சிஏ3 பகுதியைக் கத்தியால் பிரித்துவிடுவது நல்லது. நியூரானை அடக்கும் தடுப்பு ஓட்டத்தை நீக்க 100 மைக்ரோமோலார் பிக்ரோடாக்சின் போடுவீர்கள் அல்லவா, அப்போதும் இதே கதைதான். (அந்தப் பிக்ரோடாக்சின் நம் மலையடிவாரத்தில் மீன் மயக்கப் போடும் காக்காய்க்கொல்லி விதையிலிருந்து வந்தது. மலையாளத்தில் நஞ்சின்குரு. தண்ணீரில் எளிதில் கரையாது.) பார்த்தது என்எம்டிஏதானா என்று உறுதிசெய்ய, அதை அடைக்கும் டி-ஏபி5 மருந்தை 50 மைக்ரோமோலார் விடுங்கள், ஓட்டம் போய்விட வேண்டும். ஆம்பாவை அடைக்க சிஎன்க்யூஎக்ஸைவிட என்பிக்யூஎக்ஸ் மேல், 10 மைக்ரோமோலார். முந்தையது என்எம்டிஏ ஏற்பியில் கிளைசின் ஒட்டும் இடத்தையும் தொடும்.

துண்டை வைக்கும் கரைசல் வெள்ளையாகக் கலங்குகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். கால்சியத்தை முதலில் போட்டிருப்பீர்கள். எல்லா உப்பையும் கரைத்து, 95 சதவீத ஆக்சிஜன், 5 சதவீத கார்பன் டைஆக்சைடு கலந்த வாயுவைக் குமிழியிட்டு, காரத்தன்மை இறங்கிய பிறகு கடைசியில்தான் கால்சியம். இல்லாவிட்டால் பாஸ்பேட்டோடும் கார்பனேட்டோடும் சேர்ந்து படிந்துவிடும். படிந்த கரைசலைக் கொட்டிவிடுங்கள். வடிகட்டிப் பயன்படுத்தினால் கால்சியம் எவ்வளவு மிஞ்சியது என்று உங்களுக்கே தெரியாது.

அம்மைக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். பக்கத்து வீட்டில் சதுரப்புளி காய்த்துக் கிடக்கிறது. ஒன்று தின்றால் என்ன? (குழித்துறை)

ஒன்றுகூட வேண்டாம். சாறாகவும் வேண்டாம், ஊறுகாயாகவும் வேண்டாம். குறுக்கே அரிந்தால் ஐந்து முனை நட்சத்திரமாகத் தெரியும் இந்தப் பழத்தில் கேரம்பாக்சின் என்ற பொருள் இருப்பதை 2013-இல் பிரேசிலில் கண்டுபிடித்தார்கள். இதுவும் ஓர் அமினோ அமிலம்தான். மூளையில் ஆம்பா, கைனேட் ஏற்பிகளைத் திறந்துவிடும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது வெளியேறிவிடும், இல்லாதவருக்கு ரத்தத்தில் தங்கி மூளைக்குள் போகும். முதல் அறிகுறி நிற்காத விக்கல். பிறகு வாந்தி, பேச்சுக் குழறல், குழப்பம், வலிப்பு. ஒரே பழத்தில் இவ்வளவும் வந்தவர்கள் உண்டு. தெரியாமல் தின்றிருந்தால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திருக்காதீர்கள். விக்கல் தொடங்கும் முன்பே போய், பழத்தின் பெயரைச் சொல்லி உடனே ஹீமோடயாலிசிஸ் கேளுங்கள். வலிப்பு வந்தபின் காப்பாற்றுவது கடினம்.

கொலஸ்ட்ராலுக்கு நல்லது என்று இலும்பிப்புளிச் சாறு குடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் பிரச்சினை ஏற்பி அல்ல, ஆக்சலேட். சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் பழுதான பத்துப் பேரைப் பற்றி 2013-இல் கேரள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மீன்குழம்பில் இரண்டு காய் போடுவது வேறு, தம்ளர் கணக்கில் குடிப்பது வேறு.

சிப்பி தின்றால் ஞாபகம் போகும் என்கிறார்களே, கொதிக்க வைத்தாலும் போகாதா? (குளச்சல்)

1987-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பியைத் தின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். தப்பியவர்களில் சிலருக்குப் புதிதாக எதுவும் நினைவில் நிற்காமல் போயிற்று. காரணம் டோமோயிக் அமிலம். கைனேட்டின் நெருங்கிய சொந்தம், ஹிப்போகேம்பஸ் நியூரான்களை ஓயாமல் கிளர்த்திக் கொல்லும். சிப்பி அதைத் தயாரிப்பதில்லை. ஒரு வகை நுண்பாசி கடலில் பெருகும்போது அதை வடித்துத் தின்று சேர்த்து வைக்கிறது. சூட்டில் அழியாது. ஒரு கிலோ சதையில் 20 மில்லிகிராம்தான் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு. அதை ஆய்வுக்கூடத்தில்தான் அளக்க முடியும், நிறத்திலும் மணத்திலும் தெரியாது.

நம் கரையில் பேசப்படுவது பெரும்பாலும் 1997-இல் விழிஞ்ஞத்தில் நடந்தது. அது வேறு நஞ்சு. அது வாயிலைத் திறப்பதில்லை, நரம்பின் சோடியம் வாயிலை அடைத்து மூச்சை நிறுத்தும். தின்ற அரைமணியில் உதடும் விரல்நுனியும் மரத்தால் உடனே ஆஸ்பத்திரி. கடல்நீர் நிறம் மாறிக் கிடக்கும் நாள்களில் சிப்பியை எடுக்காதீர்கள், வாங்காதீர்கள். இரண்டு நஞ்சுக்கும் மாற்றுமருந்து இல்லை.

பாறசாலைச் சந்தையில் மலிவு விலைத் துவரம்பருப்பு வருகிறது. கேசரிப் பருப்புக் கலப்படம் என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது, அது என்ன செய்யும்? (பலசரக்குக் கடைக்காரர்)

வெள்ளைத் தாளில் ஒரு பிடி பரப்புங்கள். துவரை வட்டமாக, நடுவில் புடைத்திருக்கும். கேசரிப் பருப்பு ஒருபுறம் சரிந்த சதுரம், கோடாலி வாய் போல ஓரம் இருக்கும், நிறம் மங்கல். சந்தேகம் தீரவில்லை என்றால், கொஞ்சம் பருப்பில் 50 மில்லி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி, கொதிநீர்மேல் 15 நிமிடம் வைத்தால் இளஞ்சிவப்பு ஏறும். சூடாக்கும் முன்பே சட்டென்று சிவந்தால் அது மெட்டனில் மஞ்சள் சாயம். அதுவும் கலப்படம்தான், வேறு குற்றம். இதைச் சமையலறையில் செய்யாதீர்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் மாதிரி கொடுத்தால் அவர் செய்வார். கடலைமாவாக அரைத்து வந்தால் கண்ணால் பிரிக்கவே முடியாது.

அதிலிருக்கும் நஞ்சின் பெயர் ஓடாப். குளுட்டமேட்டைப் போலவே ஆம்பா வாயிலைத் திறக்கும் அமினோ அமிலம். 1964-இல் நம் நாட்டு வேதியியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஒரு நாள் சாம்பாரில் ஒன்றும் ஆகாது. பஞ்ச காலத்தில் அன்றாட உணவில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இதுவாகவே இருந்து, இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தால்தான் கால்கள் விறைக்கும். கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டு நடப்பார்கள். புத்திக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கால் திரும்பாது. 1961-லேயே விற்பனைக்குத் தடை வந்தது. பீகார், சத்தீஸ்கர் பக்கம் இன்றும் விளைகிறது. வெந்நீரில் ஊறவைத்து நீரைக் கொட்டினால் நஞ்சின் பெரும்பகுதி போகும். இதைத் தின்பவர் அறிய வேண்டும், கலப்படம் செய்பவருக்கு இது சாக்கு அல்ல.

பாட்டிக்கு ஞாபகமறதிக்கு மெமன்டின் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் என்எம்டிஏயை அடைக்கும் மருந்தாமே. நினைவுக்கு வேண்டிய வாயிலை அடைத்தால் மறதி கூடாதா? (நெய்யாற்றின்கரை)

நியாயமான சந்தேகம். மெக்னீசியம் உட்காரும் அதே துளையில்தான் மெமன்டினும் உட்காருகிறது, ஆனால் தளர்வாக. நோயில் ஓயாமல் கசியும் குளுட்டமேட்டின் இரைச்சலை அடக்கும். உண்மையான வலுவான செய்தி வந்தால் சட்டென்று விலகிவிடும். மயக்க மருந்தான கெட்டமின் அதே துளையில் இறுக்கமாக ஒட்டிக்கொள்வதால்தான் சுயநினைவு தப்புகிறது.

வழக்கமாக 5 மில்லிகிராமில் தொடங்கி, வாரத்துக்கு 5 கூட்டி, நாலாவது வாரத்தில் 20. அவசரப்பட்டு ஏற்றினால் தலைசுற்றும், விழுவார்கள். சிறுநீரகம் மிகவும் தளர்ந்திருந்தால் 10-இலேயே நிறுத்துவார்கள். வயிறு உப்புசத்துக்குச் சோடா உப்பு தினமும் குடிக்கும் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீர் காரமானால் மருந்து வெளியேறாமல் உடம்பில் சேரும். இருமல் சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்று இருந்தால் வாங்காதீர்கள், அதுவும் அதே வாயிலை அடைப்பது. நோயை நிறுத்தும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சில மாதங்களுக்குக் குளிப்பதும் உண்பதும் கொஞ்சம் எளிதாகும், அவ்வளவே.

அக்காள் மகளுக்குப் பத்தொன்பது வயது. மூன்று வாரமாகத் தூக்கமில்லை, யாரோ பேசுவதாகச் சொல்கிறாள், வாயைச் சப்பிக்கொண்டே இருக்கிறாள். பேய் என்கிறார்கள் வீட்டில். (அருமனை)

வாய் சப்புவது எங்களுக்குக் கவலை தருகிறது. 2007-இல் அடையாளம் காணப்பட்ட ஒரு நோய் உண்டு. உடம்பின் எதிர்ப்பொருள் தன் மூளையின் என்எம்டிஏ ஏற்பிகளிலேயே ஒட்டி, அவற்றை இரண்டிரண்டாகக் கோத்துச் செல்லுக்குள் இழுத்துவிடும். ஏற்பி அடைபடுவதில்லை, ஏற்பியே காணாமல் போகிறது. இளம்பெண்களுக்கே அதிகம். முதலில் மனநோய் போல இருக்கும், பிறகு வலிப்பு, அசைவின்மை, ரத்த அழுத்தமும் இதயத்துடிப்பும் தாறுமாறாவது.

இன்றே நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எம்ஆர்ஐ இயல்பாக இருந்தால் "ஒன்றுமில்லை" என்று திரும்பி வராதீர்கள். இந்த நோயில் பாதிப்பேருக்கு மேல் எம்ஆர்ஐ இயல்பாகவே இருக்கும். முதுகுத்தண்டு நீரில் எதிர்ப்பொருள் சோதனை கேளுங்கள், ரத்தத்தில் மட்டும் பார்த்தால் சிலருக்குத் தவறும். மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜியும் வயிற்று ஸ்கேனும் வேண்டும், ஏனென்றால் சினைப்பையில் டெரட்டோமா கட்டி இருந்தால் அதை எடுக்காமல் நோய் அடங்காது. சிகிச்சை, ரத்தக்குழாய் வழி ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும். சிலருக்குப் பிளாஸ்மா மாற்றமும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தும் தேவைப்படும். எதிர்ப்பொருள் குறைந்தால் ஏற்பிகள் சவ்வுக்குத் திரும்பி வரும். பெரும்பாலானோர் தேறுகிறார்கள், மாதக்கணக்கில் ஆகும். மனநோய் மாத்திரை தொடங்கியபின் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்தால் அதையும் தேதியோடு எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.